வேட்டைக்குக் குறுக்குவில்லா, மரபு வில்லா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு வில்லைப் பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் ஒட்டுசுட்டானில் பிறந்து வளர்ந்தவன். இப்போது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தொழிற்சாலை ஒன்றில் இரவும் பகலும் மாறி மாறி வரும் வேலை செய்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து, உரிய அட்டையும் எடுத்துவிட்டேன். வரும் இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போக எண்ணியிருக்கிறேன். உடன் வேலை செய்பவர்கள், துவக்கைப் போலத் தோளில் வைத்து எய்யும் குறுக்குவில்லை வாங்கச் சொல்கிறார்கள். எனக்கோ கையால் நாணை இழுத்து எய்யும் மரபு வில்லில்தான் மனம். அது எங்கள் முன்னோர் காட்டில் ஏந்திய ஆயுதம் என்ற எண்ணம் உண்டு. 2009இல் இடது தோளில் செல் துண்டு பட்டது. இப்போது நோவில்லை, ஆனால் குளிர் கூடினால் தோள் இறுகிவிடும். எதை வாங்கலாம்?

பதில்: வரும் பருவத்துக்குக் குறுக்குவில்லையே எடுங்கள். மரபு வில்லையும் இப்போதே வாங்கிப் பழகத் தொடங்கலாம். ஆனால் அதை ஏந்தி மானின் முன் நிற்பது ஓர் ஆண்டாவது கழித்து நடக்கட்டும். உங்கள் தோளை மட்டும் நினைத்து இதைச் சொல்லவில்லை. முதலில் நினைக்கவேண்டியது மானை.

அம்புக்குத் துவக்குச் சன்னத்தின் வலு இல்லை. முனையில் பொருத்திய கூரிய அலகுகள் இரத்தக் குழாய்களை அறுப்பதனால்தான் விலங்கு இறக்கிறது. அம்பு இரண்டு சுவாசப்பைகளையும் ஊடறுத்துச் சென்றால் மான் பெரும்பாலும் கால் நிமிடத்துக்குள் விழுந்துவிடும். அதே அம்பு ஒரு சாண் பின்னால் தள்ளி இரைப்பையில் பட்டால் அந்த மான் பல மணி நேரம் துடித்தே சாகும். பல வேளைகளில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. நீங்கள் வேட்டையாடப் போகும் வெண்வால் மானைப் பக்கவாட்டில் பார்த்தால், சுவாசப்பைகள் அமைந்த இடம் ஏறத்தாழ ஒரு சாண் அகலந்தான். உங்களுக்குக் கிடைக்கும் பயிற்சி நேரத்தைக் கொண்டு எந்த வில்லால் அந்த ஒரு சாணுக்குள் தவறாமல் அம்பைச் செலுத்த முடியும் என்பதை வைத்தே நீங்கள் தீர்மானிக்கவேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது தூரத்தை மதிப்பிடுவதில். 45 அல்லது 50 இறாத்தல் இழுவிசையுள்ள (நாணை முழுதாக இழுக்க அவ்வளவு வலு வேண்டிய) மரபு வில்லிலிருந்து வேட்டை அம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 50 மீற்றர் வேகத்தில் புறப்படும். இன்றைய குறுக்குவில்லில் இது 110 மீற்றர் அளவில் இருக்கும். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள். 20 மீற்றரில் நிற்கிறது என்று எண்ணி நீங்கள் எய்த மான் உண்மையில் 25 மீற்றரில் நின்றால், மரபு வில்லின் அம்பு குறித்த இடத்துக்கு 25 சென்ரிமீற்றர் கீழே போய்விடும். குறுக்குவில்லின் அம்போ 5 சென்ரிமீற்றர் மட்டுமே கீழே போகும். முதலாவது அம்பு முன்னங்காலை முறிக்கும், அல்லது நெஞ்சின் அடியைக் கீறிக்கொண்டு போகும். இரண்டாவது அம்பு சுவாசப்பையிலேயே படும். ஐந்து மீற்றர் என்பது மாலை மங்கலில் அனுபவசாலிகளே தவறவிடும் வித்தியாசம்.

இதனோடு, மரபு வில்லில் குறிபார்க்கும் நேரம் முழுவதும் அதன் பாரத்தை உங்கள் தோளும் முதுகும் தாங்கிக்கொண்டிருக்கவேண்டும். நாணை விரலால் விடுவிக்கும்போது ஏற்படும் சிறு பிசகும் அம்பைத் திசைமாற்றும். மான் இருபது மீற்றருக்குள் நிற்கும்போது நீங்கள் கையைப் பின்னால் இழுப்பதை அது பார்த்துவிடவும் கூடும். குறுக்குவில்லில் நாண் முன்னரே ஏற்றிப் பூட்டப்பட்டிருக்கிறது. தோளில் வைத்து, தொலைநோக்கியால் பார்த்து, விசையை அழுத்தினால் போதும். துவக்குப் பிடித்துப் பழகிய ஒருவர் சில வார இறுதிகளிலேயே அதில் நம்பத்தகுந்த நிலைக்கு வந்துவிடுவார். மரபு வில்லில் அந்த நிலைக்கு வர மாதக்கணக்கில், அநேகமாக நாள்தோறும் எய்து பழகவேண்டும். முறைமாற்றி வேலை செய்யும் உங்களால் இந்த ஆண்டு அதற்கு நேரம் ஒதுக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

குறுக்குவில்லை விற்கும் கடைகளில் ஐம்பது, அறுபது மீற்றர் என்று தூரத்தைக் கூட்டிச் சொல்வார்கள். இலக்குப் பலகையில் அந்தத் தூரத்திலும் அம்பு சரியாகவே படும், ஏனென்றால் பலகை அசைவதில்லை. மான் அசையும். வில்லின் ஓசை செக்கனுக்கு 340 மீற்றர் வேகத்தில் அம்பை முந்திக்கொண்டு மானின் காதை அடைகிறது. 40 மீற்றரில் நிற்கும் மானுக்கு ஓசை கேட்பதற்கும் அம்பு வந்து சேர்வதற்கும் இடையில் கால் செக்கன் கிடைக்கும்; அதற்குள் அது பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைக் கீழே தாழ்த்திவிடும். குறுக்குவில்லின் ஓசையோ மரபு வில்லின் ஓசையை விடப் பெரியது. வேகம் இரு மடங்கு என்பதற்காகத் தூரத்தையும் இரு மடங்காக்குபவர்களே அதிக மான்களைக் காயப்படுத்தித் தொலைக்கிறார்கள். முதற் பருவத்தில் 30 மீற்றரைத் தாண்டி எய்வதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்ளுங்கள். மரபு வில்லுக்கு வரும்போது அந்த எல்லை 15 மீற்றராக இருக்கட்டும்.

முன்னோர் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். அதனால்தான் அதற்கு விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். இலங்கையில் வில்லை வாழ்வாதாரமாகக் கொண்டிருந்தவர்கள் வேடர்கள். தமிழ் பேசும் வேடர் குடிகள் வாகரைப் பக்கத்திலும் மூதூர்ப் பக்கத்திலும் இன்றும் வாழ்கின்றன. அவர்களுடைய பழைய வில் ஒரே மரத்தில் செதுக்கிய நீண்ட வில்; நாண் மரப்பட்டை நாரில் முறுக்கியது; அம்பின் குதைப் பக்கத்தில், அதாவது நாணில் பொருந்தும் பின்முனையில், மயிலிறகு கட்டி, முனையில் நீண்ட இரும்பு அலகைப் பொருத்தியிருப்பார்கள். அந்த வில்லின் வெற்றி அதன் வலிமையில் தங்கியிருக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, விலங்கு எந்தத் தடத்தால் தண்ணீருக்கு இறங்குகிறது, எந்த மரத்தின் பழம் எப்போது விழுகிறது என்பதையெல்லாம் பிள்ளைப் பருவம் முதல் அறிந்த ஒருவர் சில பாகத் தூரத்துக்குள் ஓசையின்றி நெருங்கியதே அதன் வெற்றி. எங்கள் வன்னிக் கிராமங்களில் பெரியவர்கள் சொல்லும் வேட்டைக் கதைகளில் வருவன நாயும் ஈட்டியும் இடியன் துவக்குமே தவிர வில் அபூர்வம். ஆனாலும் தடம் பார்க்கும் அறிவு அவர்களிடமும் இருந்தது. முன்னோரிடமிருந்து எடுத்துக்கொள்ள விரும்பினால் அந்த அறிவை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு வில்லுக்கும் பயன்படும். குறுக்குவில்லை ஏந்துவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இனித் தோள். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடது கைதான் வில்லைத் தாங்கும் கை. எய்யும் வேளையில் முழு விசையும் அந்தத் தோள் மூட்டிலேயே இறங்குகிறது. செல் துண்டு இன்னும் உள்ளே இருந்தால் வில்லைத் தொடும் முன்னர் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சம்மதித்தால் 25 இறாத்தல் வில்லில் தொடங்குங்கள். முதல் நாளே 50 இறாத்தலைப் பிடித்தால் தோளையும் கெடுத்து எய்யும் முறையையும் கெடுத்துக்கொள்வீர்கள். குறுக்குவில்லின் நாண் 150 இறாத்தலுக்கு மேல் இருக்கலாம் என்றாலும், நாணை ஏற்ற உதவும், கொக்கியும் கப்பியும் உள்ள கொளுவிக் கயிற்றைப் பயன்படுத்தினால் பாரம் பாதியாகக் குறையும். சுழற்றும் பிடி பொருத்திய வில்லில் அதைவிடவும் இலகு. உங்கள் நிலையில் சுழற்றும் பிடி உள்ளதையே சிபாரிசு செய்வேன்.

ஒன்ராறியோவின் வில் வேட்டைப் பருவத்தில் இரண்டு வகை வில்லுக்கும் இடமுண்டு. மான் வேட்டைக்கு மரபு வில்லின் இழுவிசை 700 மில்லிமீற்றர் இழுப்புக்குள் குறைந்தது 18 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 40 இறாத்தல், இருக்கவேண்டும். குறுக்குவில்லுக்கு அது 45 கிலோகிராம். அம்புமுனை குறைந்தது 22 மில்லிமீற்றர் அகலமும் இரண்டு கூரிய விளிம்புகளும் உடையதாக இருக்கவேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மரபு வில்லில் பொறித்திருக்கும் இறாத்தல் கணக்கு 28 அங்குல இழுப்புக்கு உரியது. உங்கள் கை நீளத்துக்கு 26 அங்குலமே இழுக்க முடியுமானால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் இரண்டு மூன்று இறாத்தல் குறைந்து, 45 என்று எழுதிய வில் உங்கள் கையில் 40ஐயே எட்டிப்பிடிக்கும். வாங்கும்போது கடையில் உங்கள் சொந்த இழுப்பில் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். விதிகள் ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடப்படுகின்றன. போகும் ஆண்டின் பிரதியைப் பார்த்துவிட்டே போங்கள்.

மரபு வில்லோடு காட்டுக்குப் போகத் தகுதி வந்துவிட்டதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. உடம்பு சூடேறும் முன்னர், அன்றைய முதல் அம்பை, 15 மீற்றரிலிருந்து சாப்பாட்டுத் தட்டளவான ஒரு தாளில் எய்யுங்கள். பயிற்சியில் பத்தாவது அம்பு சரியாகப் படுவது எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் மான் உங்களுக்குப் பத்தாவது அம்பைத் தராது. பல வாரங்கள் தொடர்ச்சியாக, தடித்த குளிர்ச்சட்டை அணிந்தபடி, அந்த முதல் அம்பு தாளுக்குள் விழுந்துகொண்டிருந்தால் போகலாம். தடித்த சட்டை என்பதைக் காரணத்தோடுதான் சொல்கிறேன்: கோடையில் பழகியவரின் நாண் குளிர்காலத்தில் சட்டைக் கையில் தட்டி அம்பைச் சிதறடிக்கும்.

எய்த பின்னர் உடனே பின்தொடர வேண்டாம். அரை மணி நேரம் இருந்த இடத்திலேயே இருங்கள். பின்னர் போய் அம்பை எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பான, நுரை படிந்த இரத்தம் என்றால் சுவாசப்பை; மான் அருகில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு இரத்தத்தில் பச்சை நிறத் தீனித் துணுக்குகளும் நாற்றமும் இருந்தால் அம்பு இரைப்பையில் பட்டிருக்கிறது. அப்படியானால் திரும்பிப் போய் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை காத்திருங்கள். துரத்தினால் அது எழுந்து ஓடி உங்களுக்கும் கிடைக்காமல், விரைவில் சாகவும் முடியாமல் போகும். எந்த வில்லை எடுத்தாலும் இந்தக் கடமை மாறாது.

கேள்வி: என் அண்ணன் இலண்டனில் இருக்கிறார். அங்கும் இப்படி வில்லால் வேட்டையாட முடியுமா? – வாசகர், வவுனியா

பதில்: முடியாது. பிரித்தானியாவில் 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வில்லாலும் குறுக்குவில்லாலும் காட்டு விலங்குகளைக் கொல்வதைத் தடைசெய்கிறது. இலக்குப் பலகையில் எய்வதற்குத் தடையில்லை. 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் குறுக்குவில் விற்கக்கூடாது. ஜேர்மனியில் மான், பன்றி போன்ற குளம்புள்ள விலங்குகளை அம்பால் வேட்டையாட முடியாது. நோர்வேயிலும் வில் வேட்டைக்குத் தடையுண்டு. கனடாவில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு ஐரோப்பாவில் இருப்பவர் வில் வாங்கிவிடக்கூடாது.

கேள்வி: மல்லாவிப் பக்கம் இரண்டு ஏக்கரில் கச்சானும் மரவள்ளியும் செய்கிறேன். காட்டுப்பன்றி ஒரே இரவில் கால் ஏக்கரைக் கிண்டிவிட்டுப் போகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் மச்சான் குறுக்குவில் ஒன்று கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். இல்லாவிட்டால் நானே ஒரு வில் செய்து பார்க்கலாமா?

பதில்: ஐயா, இரண்டுமே வேண்டாம். ஆறு மாத உழைப்பு ஓர் இரவில் உழுது போடப்பட்டுக் கிடப்பதைப் பார்க்கும் வேதனை எனக்குத் தெரியும். ஆயினும் வில் உங்கள் தோட்டத்துக்கு மருந்தாகாது.

பன்றி உங்கள் நிலத்துக்கு வருவது இருட்டில், கூட்டமாக. முதிர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டையைச் சுற்றித் தடித்த, இறுகிய தோற்படலம் ஒன்று கவசமாக அமைந்திருக்கிறது. மரபு வில்லின் அம்பு அதில் சிக்கி நின்றுவிடலாம். அதன் சுவாசப்பைகள் மானுக்கு இருப்பதைவிட முன்னாலும் தாழ்வாகவும், முன்னங்காலின் பின்னே மறைந்தும் இருக்கின்றன. கைவிளக்கு வெளிச்சத்தில், கச்சான் கொடிக்குள் தலையைப் புதைத்துக் கிண்டும் விலங்கில் அந்த இடத்தைக் குறிபார்ப்பது தேர்ந்தவருக்கும் எளிதன்று. காயப்பட்ட பன்றி பற்றைக்குள் படுத்திருந்து, விடிந்ததும் விறகுக்கோ மாடு சாய்க்கவோ வருபவர் மேல் பாயும். தவறிய குறுக்குவில் அம்பு நூறு மீற்றருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும் வேகத்தோடு போகும். பக்கத்துக் காணிக் காவல் கொட்டிலில் ஆள் படுத்திருப்பார் என்பதை மறக்கவேண்டாம்.

சட்டமும் உண்டு. மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. மடுவீதியும் சுண்டிக்குளமும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள். அவற்றுக்குள் எந்த விலங்கின் மீதும் ஆயுதம் எடுக்க முடியாது. உரிய அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டு அனுமதி பெறாமல் மச்சான் குறுக்குவில்லைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வரக்கூடாது. பயிர்க் காவலுக்குத் துவக்கு அனுமதி வேண்டுமானால் மாவட்டச் செயலகத்தில் விசாரியுங்கள், அதுதான் நேர்வழி. விலங்கின் பாதையில் கட்டிவைத்துத் தானே வெடிக்கவிடும் கட்டுத்துவக்கைப் பற்றியும் வெடி வைத்த தீனியைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது: கட்டுத்துவக்கு அவ்வழியே நடந்துபோன மனிதரையும் கொல்கிறது, தீனி வெடியைக் கடித்த யானைக் கன்றுகள் வாய் சிதைந்து, உண்ண முடியாமல் நாட்கணக்கில் வாடிச் சாகின்றன.

இரண்டு ஏக்கருக்கு ஏற்றது சூரிய சக்தியில் இயங்கும் வேலிக் கருவி. பன்றிக்கு முதலாவது கம்பி நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்திலும் இரண்டாவது இரண்டு சாண் உயரத்திலும் ஓடவேண்டும். கம்பியின் கீழே புல் வளரவிடாமல் வெட்டிவந்தால்தான் மின்துடிப்புக் குறையாமல் இருக்கும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கேள்வி: ஐயா, என் மகன் ஒன்ராறியோவில் குறுக்குவில் வாங்கியிருக்கிறான். மரத்தில் ஏறியிருந்து மான் பார்ப்பானாம். அவனுக்கு ஆபத்து எதுவும் வருமோ என்று மனம் அடிக்கிறது. தொலைபேசியில் என்ன சொல்லவேண்டும்? – ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, உங்கள் பயத்தில் நியாயம் உண்டு, கவனமாக இருந்தால் தவிர்க்கக்கூடிய ஆபத்துகள்தான். வில்லை விட மரத்தைப் பற்றியே அதிகம் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த நாட்டில் மான் வேட்டைக்காரர்கள் காயப்படுவது பெரும்பாலும் மரத்து இருக்கையிலிருந்து விழுவதாலேயே. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிணைக்கும் முழு உடற்பட்டி ஒன்று விற்கிறார்கள். நிலத்தில் நிற்கும்போதே அதை அணிந்து, ஏறத் தொடங்கும் கணத்திலிருந்து இறங்கிக் கால் ஊன்றும் வரை மரத்தோடு கொளுவியிருக்கவேண்டும். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக்கூடாது. அம்பை எடுத்துவிட்டு, நாண் ஏற்றாத நிலையில் கயிற்றில் கட்டி, மேலே போனபின் இழுத்துக்கொள்ளலாம்.

வில்லில் இரண்டு விடயங்கள். எய்யும்போது இடது கைப் பெருவிரல் நாண் ஓடும் பாதைக்கு மேலே எழும்பவே கூடாது. நாண் அந்த விரலை அறுத்துக்கொண்டு போய்விடும். அம்பு வைக்காமல் விசையை அழுத்தக்கூடாது. இழுத்த நாணின் வலு முழுவதும் வில்லிலேயே இறங்கி அதன் கைகள் முகத்துக்கு நேரே உடைந்து தெறிக்கலாம். ஒருநாள் முழுக்க எய்யாமல் இறங்க நேர்ந்தால், கீழே வந்தபின் அதற்கென விற்கும் பயிற்சி அம்பு ஒன்றை மண்ணில் எய்து நாணை இறக்கவேண்டும். இன்ன மரத்தில் இருப்பேன், இத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அங்குள்ள நண்பர் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.